நாலு பேர் வண்டியில் எட்டுப் பேர்

வெல்டிங் பட்டறைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். உடைந்ததை ஒட்டித் தரச் சொல்பவர்கள் ஒரு ரகம். நன்றாக இருப்பதை வெட்டித் தரச் சொல்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகம் நம்மைக் கையெடுத்துக் கும்பிடும். இரண்டாவது ரகம், வெட்டி முடிக்கிற வரைக்கும் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பட்டறை, தையல் கடை, சலூன் என்று அடுத்தவர் பொருளிலோ தலையிலோ கத்தி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். கத்தி பிடிக்கிற நீங்கள் மட்டும் எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தேவனாம்பட்டினம். பட்டறை கடலூர் செம்மண்டலத்தில். சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் படகு வேலை மூச்சுவிட நேரமில்லாமல் வந்தது. எஞ்சின் தாங்கி, சுக்கான் கம்பி என்று ஓயாமல் ஒட்டினோம். படகெல்லாம் கடலுக்குப் போன பிறகு, நானும் என் மனைவியின் தம்பி வேலுவும் ஜன்னல் கிரில் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது வந்ததுதான் இந்த வண்டி.

பந்து பொறுக்கும் வண்டி

நடேசன் ஐயாவுக்குப் புவனகிரியில் ரைஸ் மில். சிதம்பரம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்புக்குள் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். மண்டபம் அரண்மனை மாதிரி. ஆனால் ரோட்டிலிருந்து அதற்குப் போகிற பாதையில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. அதன் மேல் இருந்த குட்டிப் பாலத்தில் பஸ்ஸோ வேனோ ஏற முடியாது. பட்டுப்புடவையும் மூட்டுவலியுமாக வருகிறவர்களைத் தோப்பு நெடுக நடக்கவிட்டால் மண்டபத்தின் பேர் கெட்டுவிடும் என்று, பெங்களூரில் ஏலத்துக்கு வந்த பழைய பேட்டரி வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். பணக்காரர்கள் புல்வெளியில் குச்சியால் பந்தடிக்கிற கோல்ஃப் விளையாட்டில், பந்து போய் விழுந்த இடத்துக்கு இவர்கள் போய்ச் சேருவதற்கான வண்டி அது. முன்னால் இரண்டு பேர், அவர்களுக்கு முதுகைக் காட்டிப் பின்னால் இரண்டு பேர், மேலே ஒரு கூரை. அவ்வளவுதான்.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். மண்டபத்தில் நடக்கப்போகிற முதல் கல்யாணமே அவர் மகளுடையது என்றும், மாப்பிள்ளை அழைப்புக்குச் சம்பந்தி வீட்டாரை இந்த வண்டியில்தான் அழைத்துவர வேண்டும் என்றும் சொன்னார். டிரைவர் போக எட்டுப் பேர் உட்கார வேண்டுமாம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர் என்று விரல் மடக்கிக் காட்டினார். ஐயா, இது இரண்டு பேருக்குச் செய்த சீட், இடம் பற்றாது, பாரமும் தாங்காது என்று நான் இழுத்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“பஸ்ஸுல ரெண்டு பேர் சீட்டுல மூணு பேர் உக்காந்துகினு போறாங்களே தம்பி, அதுக்கு யாரு வெல்டிங் வெச்சது?”

மஸ்கட் மாமா

என் மனைவி தனத்தின் தாய்மாமன் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் வெல்டிங் ஃபோர்மேன். அந்தச் சமயம் லீவில் வந்திருந்தவர், திரும்பிப் போகும்போது என்னையும் கூட்டிப்போவதென்று முடிவு செய்து விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார். பட்டறையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததால் வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குப் போக இஷ்டமே இல்லை. என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். நான் ஊர் திரும்பும்போது அவள் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், யார் இந்த ஆள் என்று அம்மாவிடம் கேட்பாள் என்று நினைத்தாலே அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். இதை வெளியில் சொன்னால் வேலைக்குப் பயந்தவன் என்பார்கள். அதனால், கடல் காற்றில் வளர்ந்த உடம்புக்குப் பாலைவனம் ஒத்துக்கொள்ளாது என்று சால்ஜாப்பு சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடேசன் ஐயா போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். வண்டி நன்றாக அமைந்தால் இன்னும் இரண்டு வாங்குவார், அவற்றையும் நானே நீட்ட வேண்டும், வருஷம் முழுக்கப் பராமரிப்பும் என் பட்டறைக்கே. இதைத் தனத்திடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே முழுவதும் கேட்டாள். குழம்பை ஊற்றியபின் தீர்ப்பு வந்தது.

“கல்யாணத்துல வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா பட்டற. நடுவுல நின்னுச்சுன்னா மஸ்கட். அதுக்கப்புறம் பாலவனம் கீலவனம்னு ஒரு வார்த்த பேசக் கூடாது.”

முதுகு காட்டும் சீட்

வெட்டாமல் தப்பிக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தோம். பின்னால் இருந்த சீட்டுக்கு எதிரே, வண்டியின் வாலில் ஒரு பலகையை நீட்டி இன்னொரு சீட்டைப் பொருத்தினோம். ரயில் பெட்டியில் உட்கார்வதுபோல எதிரும் புதிருமாக உட்காரலாம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நானும் வேலுவும் பக்கத்துக் குஷன் கடைக்காரரும் பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, வண்டி வானத்தைப் பார்த்து நின்றது. குஷன் கடைக்காரர் கூரைக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவசரப்பட்டு யாரும் இறங்க வேண்டாம் என்று கெஞ்சினார்.

அந்த நேரம் பார்த்து நடேசன் ஐயா தன் அக்காவோடு வந்து இறங்கினார். கல்யாண வீட்டில் எது நடக்க வேண்டும், எது கூடாது என்று முடிவு செய்கிறவர் அந்த அம்மாதான். முன் சக்கரம் அந்தரத்தில் தொங்குவதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. வேலு பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததைத்தான் வெறித்துப் பார்த்தார். சுப காரியத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவதா என்று கேட்டார். கொஞ்ச தூரம்தானே, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வேலு சமாதானம் சொல்லப் பார்த்தான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அந்த அம்மா விடவில்லை.

“சம்பந்தியம்மாவ ரோட்டப் பாக்க உக்கார வெச்சா, வந்த வழியே திரும்பிப் போங்கன்னு நாமளே சொல்றாப்புல ஆயிடும். அத்தினி சீட்டும் மண்டபத்தப் பாத்துதான் இருக்கணும்.”

வெட்டு விழுந்த நாள்

எல்லாச் சீட்டும் முன்னால் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. முன் சீட்டுக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்டமான சேஸை இரண்டாக வெட்டி, பின்பாதியைத் தள்ளி வைத்து, நடுவில் புதுச் சட்டம் கொடுத்து இணைக்க வேண்டும். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினோம். பேட்டரி வயர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டோம். கழற்றாமல் வெல்டிங் வைத்தால் வண்டியின் மூளையாக இருக்கிற கன்ட்ரோலர் பெட்டி வெந்துவிடும். கட்டிங் மிஷினை வேலுவிடம் கொடுத்தேன். மாமா, நீங்களே ஆரம்பிங்க, உங்க கை ராசியான கை என்றான். அதே கை போட்ட உப்பு மீன் குழம்பில் ஜாஸ்தியானபோது முழு வீடும் அதைத் திட்டியது எனக்கு நினைவிருந்தது.

தெருவே கூடிவிட்டது. நடேசன் ஐயா பார்க்க மாட்டேன் என்று சொல்லி, எதிர் டீக்கடை பெஞ்சில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பொறி பறக்க இரண்டு பக்கச் சட்டத்தையும் அறுத்து முடித்ததும் வண்டி டமாலென்று இரண்டாகி, அடியில் முட்டுக் கொடுத்திருந்த கற்கள் மேல் உட்கார்ந்தது. சத்தம் கேட்டு அவர் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் ஸ்டீயரிங்கோடு பாதி, இன்னொரு பக்கம் மோட்டாரோடு பாதி, நடுவில் சாவகாசமாக ஒரு நாய் நடந்து போனது. எனக்கும் பயம்தான். கிரில் கோணினால் இன்னொரு கிரில் செய்யலாம். இதற்கு வேறு சேஸ் எங்கே போய்த் தேடுவது?

சதுரக் குழாயை உள்ளே செருகி, மூலைக்கு மூலை கயிறு பிடித்துச் சமம் பார்த்து, வெளியே பட்டை வைத்து இரண்டு பக்கமும் ஒட்டினோம். பிரேக் கேபிளையும் மோட்டார் வயரையும் நீளமாக மாற்றினோம். குஷன் கடைக்காரர் மூன்று வரிசைக்கும் புது ஸ்பாஞ்சு சீட் தைத்துக் கொடுத்தார். வேலையெல்லாம் சுத்தமாகத்தான் முடிந்தது. ஆனால் அன்றைக்கு நடேசன் ஐயாவுக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று டீக்கடைக்காரர் சொன்னதை இப்போதும் தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

“கவலப்படாதீங்க முதலாளி. ஒரு வண்டி குடுத்தீங்க, ரெண்டா ஆக்கிக் குடுத்துட்டாங்க. லாபந்தான்.”

பாரம் பார்த்தல்

புதிதாக நீட்டிய சட்டம் எட்டுப் பேரைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மற்றவர்களாக இருந்தால் மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்திருப்பார்கள். நாங்கள் கடற்கரைக்காரர்கள். படகில் மூட்டை வேறு, ஆள் வேறு என்று எங்களுக்குத் தெரியும். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். ஆள் அசையும், சாயும், எழுந்து நின்று சண்டை போடும். அதனால் உயிருள்ள பாரம்தான் வேண்டும் என்று நானும் வேலுவும் ஏகமனதாக முடிவு செய்தோம். அந்த நேரத்தில் செம்மண்டலத்தில் மீன் விற்றுவிட்டு என் அத்தை அஞ்சலை தன் கூட்டாளிகளோடு பட்டறைப் பக்கம் வந்தார். என் அப்பாவின் தங்கை. குரல் கொடுத்தால் கலங்கரை விளக்கம் வரை கேட்கும். எட்டுப் பேரும் அலுமினிய அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மகாராணிகள் மாதிரி ஏறி உட்கார்ந்தார்கள்.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. அவர்கள் மட்டும் சத்தம் போட்டார்கள். தெரு முனை வரை எல்லாம் நலம். அங்கே இருந்த வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறுவதற்கு முன்னால், நாங்கள் நீட்டிய நடுச்சட்டம் மேட்டில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இறங்குங்க அத்தை என்றேன். இறங்கிவிட்டால் வீடு வரை கொண்டுபோய் விடமாட்டேன் என்று அவருக்குச் சந்தேகம். எட்டுப் பேரும் கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, ஹாரன் காதைக் கிழித்தது. கடைசியில் இறங்கினார்கள். படகைக் கரையேற்றுகிற பழக்கத்தில், ஐலசா போட்டு வண்டியை அலாக்காகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை கொடுத்து வண்டியை உயர்த்த வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இல்லாவிட்டால் நடேசன் ஐயாவின் வாய்க்கால் பாலத்தில் சம்பந்தி வீட்டாரே வந்து தூக்கியிருப்பார்கள். அத்தை வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“போட்டு கவுந்தாலும் நீந்திக் கர சேர்ந்துடுவேன்டா குமாரு. இது நடு ரோட்டுல குந்திகிச்சுன்னா நான் எங்க நீந்தறது?”

வாசனை

ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. யோசிக்கவும் வராது, ஏனென்றால் எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசனையே இல்லை. எட்டு அன்னக்கூடையிலிருந்தும் ஒழுகிய மீன் தண்ணீர், புது ஸ்பாஞ்சு சீட்டின் தையல் வழியாக இறங்கி உள்ளே குடியேறிவிட்டது. மறுநாள் குஷன் கடைக்காரர்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நடேசன் ஐயா சுத்த சைவம். அவர் வீட்டில் முட்டை என்று வாயால் சொன்னாலே வாய் கொப்புளிப்பார்கள்.

சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தோம். பினாயில் ஊற்றினோம். வெயிலில் வைத்தோம், வெயில் பட்டதும் வாடை இன்னும் தெம்பாக எழுந்தது. கடைசியாக வேலு ஒரு சட்டி நிறையக் கங்கு எடுத்து வந்து, பட்டறையே தெரியாத அளவுக்குச் சாம்பிராணி போட்டான். அந்தப் புகைக்குள்ளிருந்து நடேசன் ஐயா இருமிக்கொண்டே வெளிப்பட்டார். சீட்டுக்குக் கிட்டே குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து முகர்ந்தார். நான் மனதுக்குள் மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சீட்டை முழுக்கப் பிரித்து வேறு ஸ்பாஞ்சு போட்டுத் தருகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“கோயிலு, ஆஸ்பத்திரி, மீன் மார்க்கெட்டு மூணுக்கும் ஒரே நேரத்துல போயிட்டு வந்தாப்புல இருக்கு தம்பி.”

திரும்பாத வண்டி

வரும்போது குட்டியானைக்குள் அடங்கி வந்த வண்டி, போகும்போது பாதி வால் வெளியே நீட்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போனது. தோப்பு போய்ச் சேரும் வரை வேலு அந்த வாலைப் பிடித்தபடியே நின்றான். மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தோம். பாலத்தில் அழகாக ஏறி இறங்கியது. வாசலில்தான் வினை. கார் வளைந்து திரும்புவதற்கென்று கட்டிய வட்டத்தில் எங்கள் நீள வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. முன்னே போய், பின்னே வந்து, முன்னே போய், பின்னே வந்து, ஒவ்வொரு முறை பின்னே வரும்போதும் பீப் பீப் என்று கத்தி, ஒரு தொட்டிச் செடியைச் சாய்த்து, ஒருவழியாகத் திரும்பியது. வாசலில் வட்டமடிக்க வேண்டாம், மண்டபத்தின் பின்பக்கமாகச் சுற்றி வரலாம் என்று பாதையை மாற்றினோம். தொட்டிச் செடியை நிமிர்த்தி வைத்த வாட்ச்மேன் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

“வண்டிய இஸ்து நீட்டினீங்க, சரி. அப்புடியே தோப்பையும் கொஞ்சம் இஸ்து வுட்டுட்டுப் போங்க.”

மாப்பிள்ளை அழைப்பு

கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். தனம் வந்தாள், இடுப்பில் மகள். கூடவே, சீர்காழிப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்பிய மஸ்கட் மாமாவும் வந்துவிட்டார். வேலு புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். ரோட்டோரம் வேன்கள் வந்து நின்றன. எட்டுப் பேர் வண்டி என்று அட்டை எழுதி மாட்டலாம் என்று நான் சொன்னபோது, அது மரியாதையாக இருக்காது என்று நடேசன் ஐயா மறுத்திருந்தார். முன் வரிசையில் சம்பந்தியம்மா தங்கையோடு உட்கார்ந்தார். அவ்வளவுதான் எனக்குச் சரியாகத் தெரியும். அதற்குப் பிறகு அத்தைகள், சித்திகள், அவர்கள் மடியில் பிள்ளைகள், பக்கவாட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மாமன்கள் என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள். எண்ணுவதை நான் பாதியில் விட்டுவிட்டேன். மாப்பிள்ளை மட்டும் மாலையோடு முன்னால் நடந்தார். அவருக்கு முன்னால் நாயனமும் மேளமும்.

சட்டம் அசையவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் அத்தனை பாரத்தோடு பாலத்தின் மேட்டை ஏறி இறங்கியதும், வண்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி தளர்ந்து, தோப்பு நடுவில் நின்றுவிட்டது. கன்ட்ரோலர் சூடாகிவிட்டது. ஆற விட்டால் தானாகவே ஓடும். ஆறுவதற்கு நேரம் வேண்டும். ஆட்களை இறக்கினால் சீக்கிரம் கிளம்பும், ஆனால் சம்பந்தி வீட்டாரைப் பாதி வழியில் இறக்கி நடக்க விட்டார்கள் என்ற பேச்சு நடேசன் ஐயாவின் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடும். வேலு என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. மேளம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. சம்பந்தியம்மா, ஏன் நிக்குது என்று கேட்பதற்கு வாயைத் திறந்தார். கூட்டத்தில் தனம் நின்றிருந்த பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டில் நிற்கிற மாதிரிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஓடினேன். நாயனக்காரர் முன்னால் போய்க் கும்பிட்டேன். ஐயா, இங்கேயே நின்னு, வண்டியைப் பார்த்துத் திரும்பி, நல்லதா ஒண்ணு வாசிங்க, நான் கை காட்டற வரைக்கும் நிறுத்தாதீங்க என்றேன். ஊர்வலத்தில் நாயனம் நின்று வாசித்தால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான், எங்கள் பக்கம் அதுதான் முறை. சாமியே நிற்கும். அவர் ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை நின்றார். கூட்டம் வட்டமாகக் கூடியது. தொங்கிக்கொண்டிருந்த மாமன்கள் நன்றாகப் பார்ப்பதற்காகத் தாங்களாகவே இறங்கி முன்னால் போனார்கள். சம்பந்தியம்மா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தார். நான் சீட்டுக்கு அடியில் கையை விட்டுச் சூடு பார்ப்பதும், நாயனக்காரரைப் பார்ப்பதுமாக இருந்தேன். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த வாசிப்பில் நானே ஒரு கட்டத்தில் கன்ட்ரோலரை மறந்துவிட்டேன்.

ஒருவழியாகப் பெட்டி ஆறியது. வேலு மிதித்தான், வண்டி நகர்ந்தது. நான் கை காட்டினேன். காட்டியதை அவர் பார்க்கவே இல்லை, மறுபடி ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. வண்டி மண்டப வாசலில் போய் நின்றதும் சம்பந்தியம்மா இறங்கி, இத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறோம், எங்களை நடுவில் உட்கார வைத்து நாயனத்தை நிறுத்தி வாசிக்கச் சொல்லி யாரும் இப்படி மரியாதை செய்ததில்லை என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். நடேசன் ஐயா என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. பந்தி நடக்கும்போது நாயனக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அடுத்த கல்யாணத்துலயும் உங்க வண்டி நிக்குமா தம்பி? இத்தினி வருஷத்துல இன்னிக்கித்தான் என்ன முழுசா வாசிக்க வுட்டாங்க.”

தனத்தின் தீர்ப்பு

ஊரை ஏமாற்றலாம். முப்பது வருஷம் வெல்டிங் ராடு பிடித்தவரை ஏமாற்ற முடியுமா? மஸ்கட் மாமா கூட்டத்தோடு நின்று நாயனம் கேட்கவில்லை. நான் சீட்டுக்கடியில் கைவிட்டதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, வண்டி நின்றுபோனதைத் தனத்திடம் பட்டென்று போட்டு உடைத்துவிட்டார். அதோடு விட்டாரா? நின்றுபோன வண்டியைச் சீர்வரிசை மாதிரி ஆக்கிக் காட்டிய ஆளை மஸ்கட்டில் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள், மாப்ள அடுத்த வாரமே கிளம்பட்டும் என்று என் முதுகில் தட்டினார். நின்றதும் என் தலையில் விடிந்தது, நின்றதைச் சமாளித்ததும் என் தலையிலேயே விடிந்தது.

சொன்ன வார்த்தை சொன்னதுதான், நடுவில் நின்றால் மஸ்கட். தனம் எதையும் மறக்கிறவள் இல்லை. என் மகள் அதற்குள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் தூக்கிக்கொண்டேன். தனம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

“எங்க நின்னுச்சு மாமா? நாயனத்துக்கு மரியாதயா நிறுத்தினாங்க. சம்பந்தியம்மாவே வாயால சொன்னாங்களே, உங்க காதுல வுழலையா?”

நடேசன் ஐயாவின் மற்ற இரண்டு வண்டிகளையும் அந்த வருஷமே வெட்டினோம், அதற்குப் பிறகு வேறு மண்டபங்களின் வண்டிகளும் வந்தன, இத்தனையும் நீட்டிப் பார்த்ததில் நான் கற்றது ஒன்றுதான்: எத்தனை பேருக்குச் சீட் போட்டாலும் தொங்கிக்கொண்டு வர ஆள் இருக்கும், அதனால் வண்டி செய்கிறவன் நல்ல நாயனக்காரர் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது உத்தமம்.